முதல் செட்டிலேயே தேறியவள்

எங்கள் வகுப்பில் பல் செட் செய்யத் தெரிந்த ஆள் ஒருத்திதான் இருந்தாள். பட்டம் பறிபோனதும் அவளுக்கு மட்டும்தான். மற்ற நாங்கள் அத்தனை பேரும் கரையேறிவிட்டோம், என்னையும் சேர்த்து. நான் செய்த முதல் செட்டை யார் வாயிலாவது வைத்திருந்தால் அந்த ஆளால் சிரித்திருக்கவும் முடியாது, வாயை மூடி அழுதிருக்கவும் முடியாது. அதைப் படம் எடுத்துப் போட்டுத்தான் நான் மதிப்பெண் வாங்கினேன். எப்படி என்று சொல்கிறேன்.

அது மாலை நேரக் கல்லூரி. பல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு. பகலில் வேலை பார்ப்பவர்களும், வேறு எங்கேயும் இடம் கிடைக்காதவர்களும் சேரும் படிப்பு. நான் இரண்டாவது ரகம். பள்ளியை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருந்த எங்கள் நடுவில், முப்பதைத் தாண்டிய ஒருத்தி முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். முதல் செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு மெழுகுக் கட்டியைக் கொடுத்து முன்பல் ஒன்று செதுக்கச் சொன்னார்கள். கத்தியைப் பிடிப்பதா மெழுகைப் பிடிப்பதா என்று நாங்கள் அல்லாடிக்கொண்டிருந்தபோது அவள் முடித்துவிட்டாள். முடித்தவள் சும்மா இருந்தாளா? என் பக்கம் திரும்பி, நான் செதுக்கிக்கொண்டிருந்ததைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இது என்ன தம்பி, பல்லா, சோப்புத் துண்டா?"

வகுப்பே சிரித்தது. அன்றைக்கே அவளுக்கு மெழுகக்கா என்று பெயர் வைத்தோம். அன்றைக்கே அவளை எனக்குப் பிடிக்காமலும் போனது. இருந்தாலும் மூன்று வருஷமும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். பார்த்துச் செய்ய அந்த வகுப்பில் வேறு யார் கை இருந்தது?

அக்கா வேலை பார்த்த இடம் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடி. முன்னறையில் சாய்வு நாற்காலி, கண்ணாடி, பல் டாக்டரான முதலாளி. நடுவில் பிளைவுட் தடுப்பு. பின்னறையில் ஒரு மேஜை, பாலிஷ் போடும் மோட்டார், அடுப்பு, பானை, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கூட்டிப் பெருக்கத்தான் அங்கே சேர்ந்தாள். பல் கட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், இவள் போய் மேஜையில் உட்கார்ந்து அரைகுறையாகக் கிடந்த செட்டை முடித்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்ட கிழவர் அங்கேயே ஒரு பிஸ்கட்டைக் கடித்துக் காட்டினாராம். இதை அக்கா எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. தன்னடக்கம் என்பது அவள் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

ஆனால் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு செட்டோடும் ஒரு சீட்டு போக வேண்டும். அதில் தயாரித்தவர் என்ற இடத்தில் பட்டம் பெற்று, பதிவு செய்துகொண்ட ஒருவர்தான் கையெழுத்துப் போடலாம். போட்டுக்கொண்டிருந்தது முதலாளியின் மச்சான். சாயங்காலம் வருவான், காப்பி குடிப்பான், சீட்டுகளில் வரிசையாகக் கையெழுத்திட்டுவிட்டுப் போவான். கோரைப்பல் எது, கடைவாய்ப்பல் எது என்று கேட்டால் போனை எடுத்துப் பார்க்கிற ஆள். அவனுக்கு முன்னால் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியது அக்காவின் வேலை.

"நான் செய்ற பல்லு ஊர் பூரா சாப்பிடுது, பேசுது. எதுலயாவது என் பேர் இருக்கா? அந்தச் சீட்டுல என் பேர் வரணும் தம்பி. அவ்வளவுதான். அதுக்குத்தான் இந்த வயசுல உங்களோட வந்து உட்கார்ந்திருக்கேன்" என்று சேர்ந்த முதல் வாரமே சொன்னாள். மூன்று வருஷத்தில் வேறு எந்த ஆசையையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி வளர்ச்சி சார். அவர் எங்கள் துறையில் போர்ட்ஃபோலியோவுக்குப் பொறுப்பாளர். டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ, தமிழில் தொகுப்பு என்றால் ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரியின் இணையதளத்தில் ஒரு பக்கம். செய்த வேலைகளைப் படம் எடுத்து அதில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே, இதில் என்ன கற்றுக்கொண்டேன் என்று மனசைத் திறந்து எழுத வேண்டும். முதல் நாள் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பரீட்சை ஒரு நாள் கூத்து, தொகுப்பு ஒரு ஆளின் முழுப் பயணம் என்றார். வேலை கொடுப்பவர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம், தன் தப்பைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்கிற பழக்கம் வரும், சாகிறவரை கூடவே இருக்கும் என்றார். பொய் இல்லை. அவர் சொன்ன அத்தனை நன்மையும் நடந்தது. யாருக்கு நடந்தது என்பதில்தான் விஷயம்.

முதல் வருஷ முடிவில் எல்லோருடைய பக்கத்தையும் திரையில் போட்டுப் பார்த்தார். என்னுடையது வந்தது. முதல் படத்தில் என் சோப்புத் துண்டுகள். அடுத்ததில் கொஞ்சம் பல் மாதிரி. கடைசியில், தூரத்திலிருந்து பார்த்தால் பல் என்றே நம்பலாம் என்கிற அளவுக்கு ஒன்று. சாருக்கு ஒரே பூரிப்பு.

"எங்கேருந்து எங்க வந்துட்டான் பாருங்க! இதுதான் வளர்ச்சி!"

அடுத்து அக்காவின் பக்கம். முதல் படத்தில் ஒரு முழு செட். உண்மையான வாயிலிருந்து கழற்றி வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது படம், மூன்றாவது படம், எல்லாம் அதே தரம். படங்களும் அப்படித்தான், கறுப்புத் துணி விரித்து, தூசி துடைத்து, வெளிச்சம் பார்த்து எடுத்தவை. கீழே என்ன கற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரே வரி: செட் நன்றாக வந்தது. சார் மேலும் கீழும் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"நல்லாதாம்மா இருக்கு. ஆனா இதுல வளர்ச்சி எங்க?"

"எதுக்கு சார் வளரணும்? முதல்லயே சரியா இருக்கே."

"அப்படி இல்லம்மா. நீங்க எங்க ஆரம்பிச்சீங்க, எங்க தடுமாறுனீங்க, அதெல்லாம் தெரியணும். இதைப் பார்த்தா நீங்க இங்க வந்து எதையும் கத்துக்கல போலல்ல இருக்கு?"

"ஆமா சார்" என்றாள் அக்கா.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் அதுதான். நாங்கள் அடக்க முடியாமல் சிரித்தோம். சாரின் முகம் சுண்டிப்போனது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டாவது மனசு ஆறியிருக்கும். மதிப்பெண் தாளில் வளர்ச்சிக்கென்று ஒரு கட்டம் இருந்தது, அதில் அவர் எதையாவது போட்டாக வேண்டும், அக்காவுக்கு அவர் போட்டது பூஜ்யத்துக்கு ஒரு படி மேலே. எனக்கு முழுசு. இரண்டாம் வருஷமும் இதே கதைதான்.

மூன்றாம் வருஷம் தொடக்கத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தொகுப்பில் தேறாவிட்டால் பட்டம் இல்லை, மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் சரி. வெளியே டீக்கடைக்கு வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. அவளை அப்படிப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"தப்பு செஞ்சதைப் போடுங்கன்றாரு. யோசிச்சுப் பாருங்க, எல்லாருக்கும் ஒரு தப்பாவது இருக்கும்ன்றாரு. நான் எங்க போவேன் தப்புக்கு?"

"என்கிட்ட மூட்டை மூட்டையா இருக்குக்கா. என் பழைய செட்டு ஒண்ணைத் தர்றேன். முதல் வருஷம் செஞ்சதுன்னு போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மறுநாள் உண்மையிலேயே ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். அவள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். மேல்வரிசை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, நடுப்பல் ரெண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

"இதை நான் செஞ்சேன்னு போடறதா? அதுக்கு நான் நாண்டுக்கிட்டுச் சாகலாம்."

துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கோணல் செட்டைப் போட்டிருந்தால் இன்றைக்கு அவள் பெயர் சீட்டில் இருந்திருக்கும். கோணல் செட் யார் ஈறையும் புண்ணாக்காது. அழகில்லை என்று ஒதுக்கிவிட்டுப் போவார்கள். அவளுக்கு அசிங்கமான ஒரு பல்லைத் தன் பெயரில் யாரும் பார்க்கக் கூடாது. அந்த வீம்பு.

ஆகவே அவள் படத்தில் தெரியாத தப்பு ஒன்றைத் தேடினாள். தேட ரொம்ப தூரம் போகவில்லை, வேலை செய்யும் இடத்திலேயே ஒன்று தினமும் கொதித்துக்கொண்டிருந்தது.

பல் செட் செய்வதில் கடைசிக் கட்டம் வேகவைப்பது. ரோஸ் நிறப் பொடியை ஒரு திரவத்தில் பிசைந்து, பற்களோடு சேர்த்து அச்சில் அடைத்து, பித்தளை டப்பாவில் இறுக்கி, பானைத் தண்ணீரில் நிதானமாக வேகவைத்து, தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் அந்தத் திரவம் உள்ளே தங்கிவிடும். வாயில் போட்டதும் கசிந்து ஈறைப் புண்ணாக்கும். அந்தக் கடையில் மாவு பிசைவது முதல் பாலிஷ் வரை எல்லாம் அக்கா. அடுப்பை அணைப்பது மட்டும் முதலாளி. கேஸ் வீணாகிறது, ஆள் காத்திருக்கிறார் என்று ஏதாவது ஒரு சாக்கில் தடுப்புக்குப் பின்னால் வந்து, பாதியிலேயே அணைத்துவிட்டுப் போவார். அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை. அதனால் அவர் அந்தப் பக்கம் போனதும் செட்டை எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டுவிடுவாள். இரவு முழுக்க ஊறினால் உள்ளே இருக்கிற விஷம் பெரும்பாலும் இறங்கிவிடும். இத்தனை வருஷமும் ஒருத்தருக்கும் வாய் புண்ணாகாததற்கு அந்த வெந்நீர்தான் காரணம்.

அந்தத் தப்பை எடுத்துத் தன் தப்பாக எழுதினாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எழுத்து வேலை இவளுக்கு வராது என்பதால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்தாராம். ஆரம்பத்தில் அவசரப்பட்டுச் செட்டைப் பாதி வேக்காட்டில் எடுத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் போட்டுக்கொண்ட முதியவரின் ஈறு புண்ணாகிவிட்டது. அவர் வலியைப் பார்த்து நான் அழுதேன். அழகு முக்கியமில்லை, பொறுமைதான் முக்கியம் என்று அன்று கற்றுக்கொண்டேன். இப்படி ஒரு பக்கம். முதியவர், அழுகை, எல்லாம் வீட்டுக்காரர் கைங்கரியம். நம்பும்படியாக இருக்கட்டும் என்று தான் வேலை பார்க்கும் இடத்தின் பெயரையும் போட்டாள். மேலே படம் என்று பார்த்தால் அவள் செய்ததிலேயே ஆக அழகான செட். அதிலும் விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள்.

வளர்ச்சி சார் வகுப்பில் அதைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்து அக்கா பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷமா உங்ககிட்ட நான் கேட்டது இதைத்தாம்மா. இந்த நேர்மையைத்தான்."

முழு மதிப்பெண். போதாததற்கு கல்லூரி இணையதளத்தின் முகப்பில் மாதிரித் தொகுப்பு என்று அவள் பக்கத்தைத் தூக்கி வைத்தார்கள். அடுத்த வருஷம் சேர வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதைத்தான் காட்டினார்கள். அக்கா பட்டம் வாங்கினாள். பதிவுக்கு விண்ணப்பித்தாள், விண்ணப்பத்தோடு தொகுப்பின் இணைப்பையும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், கொடுத்தாள். பதிவு வருவதற்கு முன்னாலேயே தன் பெயரில் ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கி வைத்துக்கொண்டாள், அவசரக்குடுக்கை.

அந்த இடைவெளியில் வந்தவர்தான் ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் அம்மா. வாழ்நாளெல்லாம் குரலால் பிழைத்தவர். பல் போனபின் வார்த்தையெல்லாம் காற்றாகப் போகிறதென்று அவருக்கு ஒரே கவலை. அக்கா அவருக்காக மெழுகில் மூன்று முறை பல்லை மாற்றி அடுக்கிப் பேசவைத்துப் பார்த்தாள். செட் அடுப்பில் இருந்த அன்றைக்கே அந்தம்மா வந்து நின்றார். மறுநாள் காலையில் மகன் வீட்டுக்குப் பயணம், இப்போதே வேண்டும் என்றார். முதலாளி அடுப்பை அணைத்தார்.

"இன்னிக்கு வேணாம்மா, நாளைக்குப் போறப்ப வாங்கிக்குங்க" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"நீ உன் வேலையைப் பாரு" என்றார் முதலாளி. பாலிஷ் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அவள் போட்டுக் கொடுத்தாள். வெந்நீருக்கு நேரமில்லாமல் அந்தக் கடையிலிருந்து போன முதல் செட் அதுதான்.

பயணம் போன இடத்தில் அந்தம்மாவின் வாய் வெந்துபோனது. ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் புண். வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீர்தான். பேச்சு சுத்தமாக நின்றுபோனது. மகன் வக்கீல். அவன் போனை எடுத்து அந்தக் கடையின் பெயரைத் தட்டியிருக்கிறான். வந்து நின்ற முதல் பக்கம் கல்லூரியின் மாதிரித் தொகுப்பு. பாதி வேக்காட்டில் எடுத்தேன், முதியவரின் ஈறு புண்ணாகிவிட்டது. அவனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பதிவு மன்றத்தில் புகார் கொடுத்தான். மச்சான், சீட்டில் என் கையெழுத்து இருக்கிறதே என்று ஆடிப்போய், ஒரே வாரத்தில் வேலையை விட்டு ஓடிவிட்டான். முதலாளி பயந்ததெல்லாம் ஒரு ராத்திரிதான். அந்தப் பக்கத்தைப் படித்ததும் தெளிந்துவிட்டார்.

"நான் என்ன பண்ணுவேன்? அவளே எழுதி வச்சிருக்காளே" என்று கேட்டவர்களிடமெல்லாம் சோகமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

விசாரணைக்கு முதல் நாள் வளர்ச்சி சார் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் இருந்தேன், மறுநாள் கல்லூரி சார்பில் திரையில் தொகுப்பைக் காட்ட லேப்டாப் தூக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு.

"உண்மைதான்னு சொல்லிடுங்கம்மா. கத்துக்கிற காலத்துல நடந்தது, இதுவும் தெரியாம நடந்ததுன்னு சொன்னா எச்சரிச்சு விட்டுடுவாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பதிவும் கிடைச்சுடும். பொய்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் கல்லூரி சும்மா இருக்க முடியாது."

வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். "ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லிட்டு வந்துடு. உனக்கு வேண்டியது சீட்டுல பேரு. அது கெடக் கூடாது." அக்கா தலையாட்டினாள். ஆமாம் என்று சொல்வதாகத்தான் உள்ளே போனாள்.

நீளமான மேஜை. அந்தப் பக்கம் மன்றத்துக்காரர்கள் மூன்று பேர். இந்தப் பக்கம் முதலாளி, வக்கீல் மகன், அந்தம்மா, அக்கா, கல்லூரி சார்பில் வளர்ச்சி சார். நான் திரையில் பக்கத்தைப் போட்டேன். தலைவராக இருந்தவர் அதை மெதுவாகப் படித்து முடித்தார்.

"இதை எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க."

அப்போது அந்தம்மா பையிலிருந்து செட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பேச வாய் திறந்தபோது வலி தாங்காமல் முகம் கோணியது. பல்லில்லாத வாயோடு, ஒவ்வொரு சொல்லாக, அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏம்மா, அரைவேக்காட்டுல எடுத்து என் வாயில வச்சியே. வயசானவ வாய்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா?"

அக்கா அந்த செட்டைப் பார்த்தாள். அவள் அடுக்கிய பல், அவள் போட்ட பாலிஷ். ஆமாம் என்று ஒரு வார்த்தை. நான் மனசுக்குள் சொல்லித் தொலைக்கா, சொல்லித் தொலை என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் அவள் எனக்குப் பிடித்தவள் இல்லை.

"நான் எடுக்கலம்மா" என்றாள். "நான் என் வாழ்நாள்ல ஒரு செட்டைக்கூட அரைவேக்காட்டுல எடுத்ததில்ல. அடுப்பை அணைச்சது இவரு. எப்பவும் இவருதான் அணைப்பாரு. நான் வெந்நீர்ல போட்டு ஊறவச்சுக் கொடுப்பேன். அன்னிக்கு விடல. அந்தப் பக்கத்துல எழுதினது எல்லாம் பொய்யி. எனக்குத் தப்பே வரலைங்க. தப்பு இருந்தாத்தான் மார்க்குன்னாங்க, அதான் இவரு தப்பை எடுத்து என் பேர்ல எழுதிக்கிட்டேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். எனக்கே அந்த இடத்தில் கேட்கும்போது அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. தப்பே வராத ஒருத்தி, மார்க்குக்காக முதலாளியின் தப்பைக் கடன் வாங்கினாளாம்! முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷம் சோறு போட்டேன்" என்றார். "பரவால்ல, பொம்பளைப் புள்ள, பயத்துல பேசுது. விட்டுடுங்க."

"வெந்நீர்ல ஊறவச்சதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டார் தலைவர். வெந்நீருக்கு என்ன அத்தாட்சி இருக்கும்? கொட்டினால் போச்சு. வளர்ச்சி சார் தலையைக் குனிந்துகொண்டு தன் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பதிவு மன்றம் தொகுப்பில் எழுதியது உண்மை என்று முடிவு செய்தது. நோயாளிகளைப் புண்ணாக்கும் பழக்கம் உள்ளவர், பிடிபட்டதும் முதலாளி மேல் பழி போடுகிறவர் என்று எழுதி, அவளுக்கு ஒருநாளும் பதிவு கிடையாது என்றது. கல்லூரி அதே பக்கத்தைப் பொய் என்று முடிவு செய்தது. விசாரணையில் அவளே ஒப்புக்கொண்டாளே! இட்டுக்கட்டி மதிப்பெண் வாங்கியதற்காகப் பட்டத்தை ரத்து செய்தது. உண்மை என்றால் பட்டம் நிற்க வேண்டும், பொய் என்றால் பதிவு கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது அவளுக்கு மிஞ்சியிருக்க வேண்டும்தானே? இரண்டு பேரும் அவரவருக்குத் தோதான பாதியை எடுத்துக்கொண்டு அவளைக் கைகழுவினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் வகுப்பில் இட்டுக்கட்டாத தொகுப்பு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது என்னுடையது. மற்றவர்கள் அத்தனை பேரும் தங்களுக்கு வந்ததைவிட வேண்டுமென்றே இன்னும் கோணலாக ஒன்றைச் செய்து முதல் படமாகப் போட்டவர்கள். அவர்கள் பட்டத்துக்கு ஒரு கீறல் இல்லை.

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் பல்லை யார் கட்டுவது? போனால் போகிறது என்று வைத்திருக்கிறேன், எனக்கு மனசாட்சி இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். சம்பளத்தைக் குறைத்தார். அவளும் போகவில்லை, வேறு எந்தக் கடையிலும் அவளை வாசலில்கூட நிற்கவிடவில்லை. பெயரைத் தட்டிப் பார்க்கிறார்களே! கல்லூரி அவள் பட்டத்தை எடுத்தது, முகப்பிலிருந்து பக்கத்தையும் எடுத்தது. ஆனால் வக்கீல் மகன் அதற்கு முன்பே அதைப் படம் பிடித்து நாலு இடத்தில் போட்டிருந்தான். சாகிறவரை கூடவே இருக்கும் என்று சார் சொன்னது பலித்தது.

மச்சான் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. முதலாளி கல்லூரியைக் கேட்க, வளர்ச்சி சார் என் தொகுப்பை அனுப்பினார். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மனசில் கள்ளமில்லாத பையன், தப்பையெல்லாம் தப்பு என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறான் என்றார். எனக்குப் பதிவும் வந்திருந்தது, நான் மறுநாளே சேர்ந்தேன். வேலை கிடைக்காமல் வீட்டில் அப்பாவின் வாயில் தினமும் விழுந்துகொண்டிருந்தவன் நான். யோசிக்க என்ன இருக்கிறது? இப்போது சாயங்காலம் அக்கா சீட்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள். நான் கையெழுத்துப் போடுகிறேன். முன்பு போல என் வேலையைக் கிண்டல் செய்வதில்லை. செய்தால் பரவாயில்லை என்றுகூட இருக்கும்.

போன மாதம் அந்த டெலிபோன் ஆபரேட்டர் அம்மா திரும்பி வந்தார். புண்ணெல்லாம் ஆறிவிட்டது. இலவசமாகப் புது செட் செய்து தருவதாக முதலாளி சமாதானம் பேசியிருந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தம்மா கேட்டார்.

"அந்தப் பொம்பளை கை படாதுல்ல?"

"சேச்சே! இந்தத் தம்பிதான் செய்யப்போகுது. பட்டதாரி" என்று முதலாளி என் தோளில் தட்டினார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

அக்கா அந்த செட்டைச் செய்தாள். அந்தம்மாவை மறுபடி பார்க்கவோ பேசவைத்துக் கேட்கவோ அவளுக்கு வழியில்லை. தடுப்பில் காதை வைத்து, முன்னறையில் அந்தம்மா முதலாளியோடு பேசுவதைக் கேட்டே பல்லின் சாய்வை மாற்றி மாற்றி அடுக்கினாள். அந்த முறை முதலாளி பயந்துபோய் அடுப்புப் பக்கமே வரவில்லை. முழுசாக வெந்தது. வாயில் வைத்ததும் அந்தம்மா கண்ணாடியைப் பார்த்துத் தன் பழைய குரலில், "ஹலோ, யார் வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பிடிக்கக் கொடுத்தேன்.

அவர் போட்டுக்கொண்டு போவதற்கு முன் அதை ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. பதிவைப் புதுப்பிக்க வருஷா வருஷம் தொகுப்பில் புது வேலை ஏற்ற வேண்டும். எனக்கென்று ஏற்ற வேறு என்ன இருக்கிறது? ஒரு தடவை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிப் பின்னறைக்குக் கொண்டுபோய், மேஜை மேல் வைத்து, போனைத் தூக்கினேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்படி எடுக்காத தம்பி. பின்பல்லெல்லாம் நிழல்ல போகுது."

எழுந்து வந்தாள். மேஜையைத் துடைத்து, கறுப்புத் துணியை விரித்து, செட்டை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஒரு வெள்ளை அட்டையை எடுத்து வெளிச்சம் விழும்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எடு என்றாள். எடுத்தேன். அங்கே நின்றே என் பெயரில் ஏற்றினேன்.

சாயங்காலத்துக்குள் வளர்ச்சி சார் அதன் கீழே எழுதிவிட்டார். சோப்புத் துண்டு செதுக்கிய பையனா இவன், இந்தப் பயணத்தைப் புது மாணவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும், முகப்பில் வைக்கிறோம் என்று. போனை அக்காவிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை. அவள் சார் எழுதியதைப் படித்தாளா இல்லையா என்றும் தெரியவில்லை. படத்தை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கி, கடைசிப் பல் வரைக்கும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்று கேட்டாள்.

"வந்திருக்குக்கா" என்றேன்.